சித்தூர் - குவைத்: தொலைவில் சட்டம், அருகில் தரகர்

புதுதில்லி: அமெரிக்க ராணுவ விமானம் ஒன்று 2025 பிப்ரவரி 5-ஆம் தேதி 104 இந்தியர்களை அமிர்தசரஸில் கொண்டுவந்து இறக்கியது. கைவிலங்கு பூட்டி அவர்கள் அழைத்து வரப்பட்டது நாடாளுமன்றத்தில் பெரும் அமளியைக் கிளப்பியது. மறுநாளே வெளியுறவுத் துறை அமைச்சர் எஸ். ஜெய்சங்கர் மாநிலங்களவையில் விளக்கம் அளிக்க வேண்டியதாயிற்று. அன்று முதல் சட்டவிரோதக் குடியேற்றம் என்றாலே பனாமா காட்டையும் மெக்சிகோ எல்லையையும் கடந்து செல்லும் பஞ்சாப், ஹரியாணா, குஜராத் இளைஞர்களே தலைநகரின் நினைவுக்கு வருகின்றனர்.

ஆனால், சத்தமின்றிப் பல ஆண்டுகளாக நடந்துவரும் இன்னொரு சட்டவிரோதக் குடியேற்றம் உண்டு. ஆந்திரத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களிலிருந்தும் அவற்றை அடுத்துள்ள மதனப்பள்ளி, ராயசோட்டி, கடப்பா பகுதிகளிலிருந்தும் குவைத் முதலான வளைகுடா நாடுகளுக்குச் செல்வோரின் கதை அது. அவர்கள் எந்த எல்லைச் சுவரையும் ஏறிக் குதித்தவர்கள் அல்லர். முறையான கடவுச்சீட்டுடனும் முத்திரையிட்ட விசாவுடனும், பெரும்பாலும் நமது சென்னை விமான நிலையத்திலிருந்தே புறப்பட்டவர்கள். போகும்போது சட்டப்படி சென்றவர்களில் பலர் சில மாதங்களிலோ, சில ஆண்டுகளிலோ சட்டத்துக்குப் புறம்பானவர்களாகிவிடுகின்றனர். அவர்களை அப்படி ஆக்குவதில் தரகரின் பேராசைக்கு இருக்கும் அதே பங்கு, இரு நாடுகளின் வேலை விசா விதிகளுக்கும் உண்டு.

ஒரு விடியோ, ஒரு மீட்பு: 2024 ஜூலையில் குவைத் பாலைவனத்திலிருந்து ஒரு தொழிலாளி கண்ணீருடன் பேசிய விடியோ ஆந்திரத்தை உலுக்கியது. பழைய சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த வாயல்பாடு பகுதிக்காரர் அவர். முகவர் ஒருவரை நம்பிச் சென்ற அவர், பாலைவனத்தில் கால்நடைகளைப் பராமரிக்கும் வேலையில் தனித்து விடப்பட்டதாகவும், தன்னை மீட்காவிட்டால் உயிர் தங்காது என்றும் முறையிட்டிருந்தார். மாநில அமைச்சர் நாரா லோகேஷ் தலையிட்டார். வெளியுறவுத் துறை அமைச்சகமும் குவைத்தில் உள்ள இந்தியத் தூதரகமும் விரைந்து செயல்பட்டன. சில நாள்களில் அவர் ஊர் திரும்பினார்.

பாராட்டத்தக்க செயல்தான். ஆயினும், ஓர் அமைச்சரின் கண்ணில் படும் விடியோ ஒன்றை நம்பித்தான் ஒரு தொழிலாளி வீடு திரும்ப வேண்டும் என்றால், 1983-ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் குடிபெயர்வுச் சட்டம் எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பே.

ஏன் செல்கின்றனர்?: 1911-இல் வட ஆர்க்காட்டின் சில வட்டங்களையும் கடப்பாவின் சில பகுதிகளையும் சேர்த்து உருவாக்கப்பட்டது சித்தூர் மாவட்டம். 1960-இல் திருத்தணி தமிழகத்துக்கு வந்த பின்னரும் நகரி, புத்தூர், சத்தியவேடு, சித்தூர் பகுதிகளில் தமிழ் பேசுவோர் கணிசமாக உள்ளனர். 2022 ஏப்ரலில் இம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது திருப்பதி தனி மாவட்டமாயிற்று. மதனப்பள்ளியும் வாயல்பாடும் அன்னமய்யா மாவட்டத்துக்குச் சென்றன.

எல்லைகள் மாறினாலும் மண்ணின் நிலை மாறவில்லை. மழை குறைந்த மேற்குப் பகுதியில் நிலக்கடலை பொய்த்தால் மாற்று வழி இல்லை. மதனப்பள்ளிச் சந்தையில் தக்காளி ஒரு மாதம் விலையேறும். மறு மாதம் பறிக்கும் கூலிக்கும் கட்டாமல் சாலையோரம் கொட்டப்படும். 2025 கோடையில் சித்தூரின் தோத்தாபுரி மாம்பழத்துக்கு விலை சரிந்து, கிலோவுக்கு 4 ரூபாய் மானியம் தர மாநில அரசு முன்வர வேண்டியதாயிற்று.

மறுபுறம், சத்தியவேடு அருகே ஸ்ரீசிட்டியிலும் திருப்பதியைச் சுற்றியும் தொழிற்சாலைகள் பெருகியுள்ளன. ஆனால், அவை பொதுவாகப் பத்தாம் வகுப்போ, ஐடிஐ படிப்போ முடித்தவர்களைத்தான் கேட்கின்றன. எட்டாம் வகுப்போடு நின்று, 17 வயதில் மணமாகி, 28 வயதில் கடன் சுமையுடன் நிற்கும் பெண்ணுக்கு அங்கே இடமில்லை. கடவுச்சீட்டு விஷயத்திலும் அதே பத்தாம் வகுப்புதான் கோடு கிழிக்கிறது. அதை முடிக்காதவரின் கடவுச்சீட்டில், குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அரசின் முன் அனுமதி தேவை என்ற முத்திரை விழும். இ.சி.ஆர். கடவுச்சீட்டு என்று ஊரில் சொல்வது இதைத்தான். வளைகுடா நாடுகள் ஆறும், மலேசியாவும் உள்பட 18 நாடுகள் அந்தப் பட்டியலில் உள்ளன.

குவைத்தில் வாழும் இந்தியர்கள் ஏறத்தாழ 10 லட்சம் பேர். அந்நாட்டு மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு அது. 2024 டிசம்பரில் பிரதமர் நரேந்திர மோடி அங்கு சென்றபோது, 43 ஆண்டுகளில் இந்தியப் பிரதமர் ஒருவர் மேற்கொண்ட முதல் பயணம் என்று அது பேசப்பட்டது. அந்த 10 லட்சம் பேரில் வீட்டு வேலை செய்வோரும் ஓட்டுநர்களும் சமையல்காரர்களும் கணிசமானோர். ராயலசீமையின் பங்கு அவர்களிடையே பெரிது.

காதிம், சூன், ஆசாத்: மதனப்பள்ளியிலும் ராயசோட்டியிலும் பள்ளிக்கூடம் போகாதவருக்கும் தெரிந்த அரபுச் சொற்கள் இவை. குவைத்தின் குடியிருப்பு விதிகளில் 20-ஆவது பிரிவின் கீழ் வீட்டு வேலைக்குத் தரப்படுவது 'காதிம்' விசா. 18-ஆவது பிரிவின் கீழ் நிறுவன வேலைக்குத் தரப்படுவது 'சூன்' விசா. 'ஆசாத்' விசா என்று ஒன்று சட்டத்தில் கிடையாது. குவைத் நாட்டவர் ஒருவர் தம் பெயரில் விசாவைப் பெற்று, அதைத் தரகர் வழியாக விற்றுவிடுவார். வாங்கியவர் அங்கு சென்று தாமே வேலை தேடிக்கொள்ள வேண்டும். சுதந்திரம் என்று பொருள்படும் பெயர் அதற்கு. உண்மையில், விமானத்திலிருந்து இறங்கி வேறொருவரிடம் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவர் சட்டத்தை மீறியவராகிறார்.

காதிம் விசாவில் சென்ற பெண்ணின் நிலை இன்னும் கடினம். அவரை வரவழைக்க வீட்டு எஜமானர் தரகு நிறுவனத்துக்குப் பெருந்தொகை கொடுத்திருப்பார். கொடுத்த பணத்துக்கு அவரைத் தாம் வாங்கிவிட்டதாகவே சில எஜமானர்கள் எண்ணுகின்றனர். சம்பளம் வரவில்லை என்றோ, அடி தாங்காமலோ அப்பெண் அந்த வீட்டைவிட்டு வெளியேறினால், 'ஓடிப்போனவர்' என்று எஜமானர் புகார் கொடுத்தால் போதும். குடியிருப்பு உரிமை போய்விடும். குற்றம் செய்தவர் வீட்டில் இருக்க, குற்றத்துக்கு ஆளானவர் சட்டவிரோதக் குடியேறியாகிவிடுகிறார்.

குவைத் அரசு கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது என்று சொல்வது நியாயமாகாது. 2015-ஆம் ஆண்டின் 68-ஆவது சட்டம் வீட்டு வேலையாளுக்கு நாளொன்றுக்கு 12 மணி நேர வேலை வரம்பு, வார விடுமுறை, ஆண்டுக்கு ஒரு மாத ஊதிய விடுப்பு ஆகியவற்றை அளிக்கிறது; கடவுச்சீட்டைப் பறித்து வைத்துக்கொள்வதைத் தடை செய்கிறது. 2016-இல் மாதம் 60 தினார் குறைந்தபட்ச ஊதியமாக அறிவிக்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டின் மதிப்பில் அது ஏறத்தாழ 17,000 ரூபாய். 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய குடியிருப்புச் சட்டம், விசா விற்பவருக்குச் சிறைத் தண்டனை விதிக்கிறது. எனினும், தொழிலாளியின் இருப்பை ஒரே எஜமானரின் கையெழுத்தோடு பிணைக்கும் 'கஃபாலா' முறையின் அடித்தளம் அசையவில்லை.

இதன் விளைவைப் பொதுமன்னிப்புகளின் பட்டியலே காட்டும். குவைத் 2018-இல் ஜனவரி இறுதி முதல் ஏப்ரல் வரையிலும், 2020-இல் ஏப்ரல் மாதத்திலும், 2024-இல் மார்ச் 17 முதல் ஜூன் 30 வரையிலும் பொதுமன்னிப்பு அறிவித்தது. சவூதி அரேபியா 2013-இலும் 2017-இலும் அறிவித்தது. ஐக்கிய அரபு அமீரகம் 2018-இலும் 2024-இலும் அறிவித்தது. ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கானோர் அபராதமின்றித் தாயகம் திரும்புகின்றனர். அடுத்த சில ஆண்டுகளில் அதே எண்ணிக்கை மீண்டும் சேர்ந்துவிடுகிறது. குழாய் திறந்திருக்க, தரையைத் துடைப்பதால் என்ன பயன்?

தில்லியின் பங்கு: பழியை முழுவதும் குவைத் மீது சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இ.சி.ஆர். கடவுச்சீட்டு வைத்திருப்பவர் வேலைக்குச் செல்லக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். பெண்ணாக இருந்தால் 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2016-இல் மத்திய அரசு இன்னும் ஒரு படி மேலே சென்றது. இத்தகைய பெண்களை அரசு நிறுவனங்கள் வழியாகவே வேலைக்கு அனுப்ப வேண்டும் என்று விதித்தது. கேரளத்தின் நோர்கா ரூட்ஸ், தமிழகத்தின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், ஆந்திரத்தின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் போன்றவை அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. வீட்டு வேலைக்குப் பெண்ணை அழைக்கும் எஜமானர் 2,500 டாலருக்கு வங்கி உத்தரவாதம் தர வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. குவைத் எஜமானர்கள் அதை ஏற்க மறுத்ததால், அந்நாட்டைப் பொறுத்தவரை 2017-இல் அது கைவிடப்பட்டது.

இவற்றின் நோக்கம் நல்லதே. அனுமதியின்றி எவரும் சென்று சீரழியக் கூடாது என்பதுதான் அது. ஆனால், விதி கடுமையானதால் பயணம் நின்றுவிடவில்லை. பாதை மட்டுமே மாறியது. இ.சி.ஆர். கடவுச்சீட்டு உடையவர் சுற்றுலா செல்ல எந்த அனுமதியும் தேவையில்லை. எனவே, தரகர் அப்பெண்ணைச் சுற்றுலா விசாவில் துபாய்க்கு அனுப்புகிறார். அங்கிருந்து குவைத்துக்கோ, ஓமனுக்கோ வேறு விமானம். 28 வயதுப் பெண் சட்டப்படிச் செல்ல இரண்டாண்டுகள் காத்திருக்க வேண்டும். சட்டத்தைச் சுற்றிக்கொண்டு செல்ல இரண்டு வாரம் போதும்.

அப்படிச் செல்லும்போது அவர் இழப்பது கொஞ்சநஞ்சமன்று. அரசின் இ-மைகிரேட் பதிவேட்டில் அவர் பெயர் இருக்காது. ஒப்பந்தமோ, எஜமானரின் முகவரியோ தூதரகத்திடம் இருக்காது. குடிபெயர்வு அனுமதியுடன் செல்வோருக்குக் கட்டாயமாக்கப்பட்ட 10 லட்சம் ரூபாய் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கிடைக்காது. இரண்டாண்டுக்கு 275 ரூபாயும் வரியும்தான் அதன் தவணைத் தொகை. அந்தச் சிறு தொகையைச் செலுத்தும் வாய்ப்பை அவருக்கு மறுத்தது வறுமை அல்ல, விதி.

இது நம் நாட்டின் அனுபவம் மட்டுமன்று. வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குச் செல்ல நேபாளம் தன் பெண்களுக்குத் தடை விதித்தபோது, அவர்கள் இந்தியா வழியாகச் சென்றனர். 2018-இல் தில்லியிலேயே முனிர்கா, பஹார்கஞ்ச் பகுதிகளிலிருந்து நேபாளப் பெண்கள் பலர் மீட்கப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இலங்கை 2013-இல் குடும்பப் பின்னணி அறிக்கையைக் கட்டாயமாக்கி, சிறு குழந்தைகளின் தாய்மார்கள் செல்வதைத் தடுத்தது. 2022-இல் அவ்விதியைத் தளர்த்தியது.

இரண்டு கதவுகள்: சித்தூர் கிராமத்துப் பெண்ணின் இடத்திலிருந்து இதைப் பார்க்க வேண்டும். உரிமம் பெற்ற பெரிய ஆள்சேர்ப்பு நிறுவனம் 50 லட்சம் ரூபாய் வங்கி உத்தரவாதம் தர வேண்டும். அத்தகைய நிறுவனங்கள் மும்பை, தில்லி, சென்னை, ஹைதராபாத் போன்ற பெருநகரங்களில்தான் இருக்கின்றன. அவை ஒரு தொழிலாளியிடம் 30,000 ரூபாயும் வரியும் மட்டுமே வாங்கலாம். மாநில அரசு நிறுவனத்தை நாடலாம் என்றால், அரசு அலுவலகங்கள் இருப்பதோ விஜயவாடா - அமராவதிப் பகுதியில். திருப்பதியிலிருந்து ஏறத்தாழ 400 கி.மீ. தூரம்.

தரகரோ அடுத்த தெருவில் இருக்கிறார். அவர் உறவினர், அல்லது முன்பு குவைத் சென்று திரும்பிய அண்டை வீட்டுக்காரர். கடவுச்சீட்டு எடுத்துத் தருவது முதல் சென்னை விமான நிலையத்தில் வழியனுப்புவது வரை அவரே பார்த்துக்கொள்கிறார். பெருநகர நிறுவனத்துக்கு ஆள் சேர்த்துத் தரும் இத்தகைய துணைத் தரகர்களுக்கு 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமே இல்லை. சட்டத்தில் இல்லாததால் அவர்களுக்குப் பதிவும் இல்லை, பொறுப்பும் இல்லை. பிடிபட்டாலும் அச்சட்டம் விதிக்கும் உச்சபட்ச தண்டனை இரண்டாண்டுச் சிறையும் 2,000 ரூபாய் அபராதமும்தான். ஒரே ஒரு பெண்ணை அனுப்பிப் பெறும் தரகுத் தொகையின் முன் 2,000 ரூபாய் எம்மாத்திரம்?

எதிர்வாதம்: வயது வரம்பைத் தளர்த்தினால் இன்னும் இளம் பெண்கள் சிக்கிக்கொள்வார்கள் என்று அஞ்சுவோர் உள்ளனர். அந்த அச்சத்தை எளிதில் புறந்தள்ள முடியாது. மூடிய வீட்டுக்குள் நடப்பதைத் தூதரகத்தால் கண்காணிக்க இயலாது என்பது உண்மை. ஒரு குடியரசு தன் குடிமக்களை ஆபத்துள்ள இடத்துக்கு அனுப்பத் தயங்குவதும் முறையே. குவைத்தின் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் எழுத முடியாது என்ற வாதமும் சரியே.

ஆனால், 30 வயது வரம்பு அந்த இளம் பெண்களைத் தடுத்து நிறுத்தியிருந்தால்தான் இந்த வாதம் நிற்கும். அவர்கள் சென்றுகொண்டுதான் இருக்கிறார்கள். அரசின் பார்வையில் படாமல் செல்கிறார்கள் என்பதே வேறுபாடு. காப்பீடும் ஒப்பந்தமும் முகவரியும் உள்ள 28 வயதுப் பெண்ணைக் காப்பது கடினம்தான். அவை எதுவும் இல்லாத அதே பெண்ணைக் காப்பது அதைவிடக் கடினம்.

பயன் தந்த முறைகள்: தென் கொரியாவில் 1990-களில் வெளிநாட்டினர் 'பயிற்சியாளர்' என்ற பெயரில் தரகர்கள் வழியாக வரவழைக்கப்பட்டனர். கடனை அடைக்க முடியாமல் அவர்கள் வேலையிடத்தை விட்டு ஓடினர். ஒரு கட்டத்தில் அங்கிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களில் பெரும்பான்மையினர் ஆவணமற்றவர்களாயினர். 2004-இல் அந்நாடு தரகரை அகற்றிவிட்டு, அரசுக்கு அரசு ஆள் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. உள்நாட்டுத் தொழிலாளர் சட்டங்கள் அவர்களுக்கும் பொருந்தும். வரம்புக்குள் வேலையிடம் மாறவும் வழி உண்டு. சட்டவிரோதமாகத் தங்குவோர் முற்றிலும் மறைந்துவிடவில்லை எனினும், அவர்களின் விகிதம் வெகுவாகக் குறைந்தது. இலங்கையும் நேபாளமும் அத்திட்டத்தில் உள்ளன. இந்தியா இல்லை.

குவைத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2024 ஜூலை 14 முதல் செப்டம்பர் 12 வரை, காதிம் விசாவில் உள்ளவர்கள் நிறுவன விசாவுக்கு மாறிக்கொள்ள அந்த அரசு அனுமதித்தது. ஒளிந்து வேலை செய்தால் மட்டுமே வேறிடம் போக முடியும் என்றிருந்த தொழிலாளிக்கு நேர்வழி திறந்தது. இரண்டே மாதங்களில் அது மூடப்பட்டது. விசாவை எஜமானரின் பெயரிலிருந்து விடுவித்தால் சட்டவிரோதம் குறையும் என்பதைக் குவைத் அரசே ஒப்புக்கொண்டதாக அதைக் கொள்ளலாம்.

செய்ய வேண்டியவை: 1983-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாகப் புதிய சட்டம் கொண்டுவர 2019-இலும் 2021-இலும் வரைவுகள் வெளியாகின. 2025 அக்டோபரில், அயல்நாட்டுப் போக்குவரத்து வசதி மற்றும் நல மசோதா என்ற பெயரில் புதிய வரைவைப் பொதுமக்கள் கருத்துக்காக வெளியுறவுத் துறை அமைச்சகம் முன்வைத்தது. தனிக் கவுன்சில் ஒன்றை அமைப்பது, ஆள்சேர்ப்பு நிறுவனங்களுக்கு அங்கீகாரம் அளிப்பது, திரும்பி வருவோரின் மறுவாழ்வு ஆகியன அதில் பேசப்பட்டன. அது எந்த வடிவில் சட்டமானாலும், சித்தூர்க் கிராமத்துக்கு நான்கு மாற்றங்கள் வந்து சேராவிட்டால் பயன் இல்லை.

முதலாவது, துணைத் தரகர்களைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து பதிவு செய்ய வேண்டும். அவர்கள் செய்யும் தவறுக்கு உரிமம் பெற்ற நிறுவனத்தையும் பொறுப்பாக்க வேண்டும். இரண்டாவது, திருப்பதியிலும் மதனப்பள்ளியிலும் குடிபெயர்வோர் சேவை மையங்கள் வேண்டும். கடவுச்சீட்டு, ஒப்பந்தச் சரிபார்ப்பு, காப்பீடு, பயிற்சி ஆகிய நான்கையும் ஓரிடத்தில் முடித்து, இத்தனை நாளில் அனுமதி என்று காலவரையறை சொல்ல வேண்டும். மூன்றாவது, பெண்களுக்கான 30 வயது வரம்பைத் தளர்த்தி, அதற்கு ஈடாகப் பயிற்சியையும் எஜமானர் குறித்த சரிபார்ப்பையும் கட்டாயமாக்க வேண்டும்.

நான்காவதே முக்கியமானது. 2021 ஜூன் மாதம் ஜெய்சங்கர் குவைத் சென்றபோது, வீட்டு வேலைத் தொழிலாளர் குறித்த புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. சம்பளம் தராத, கொடுமை செய்யும் எஜமானரிடமிருந்து அவருடைய சம்மதமின்றியே வேறிடம் மாறும் உரிமையும், புகார் கொடுத்த தொழிலாளியை 'ஓடிப்போனவர்' பட்டியலில் சேர்க்கக் கூடாது என்ற உறுதிமொழியும் அதன் அடுத்த கட்டமாக அமைய வேண்டும். ஜப்பானுடன் 2021-இலும் ஜெர்மனியுடன் 2022-இலும் திறன்மிகு தொழிலாளர்களுக்காக ஒப்பந்தம் செய்த மத்திய அரசு, பத்தாம் வகுப்பைத் தாண்டாத பெண்களுக்காகவும் அதே முனைப்புடன் பேச வேண்டும்.

2023-24-இல் நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தில் ஏறத்தாழ 38 சதவீதம் வளைகுடா நாடுகளிலிருந்து வந்ததாக ரிசர்வ் வங்கியின் ஆய்வு கூறுகிறது. அந்தப் பணம் எந்த விசாவில் சென்றவர் சம்பாதித்தது என்று எந்த வங்கியும் கேட்பதில்லை. அதை அனுப்பியவர் வழியில் விழுந்தால் மட்டும், அனுமதி பெற்றாரா என்று அரசு கேட்கிறது. அனுமதி பெறுவதைத் தரகரிடம் போவதைவிட எளிதாக்கிவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்பதே முறையாகும்.